பழைய லூட்டும் புதுப் பலகையும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் லூட் என்ற, விரலால் மீட்டும் ஐரோப்பிய நரம்பு வாத்தியத்தின் கச்சேரி ஒன்றை முதல்முறையாக நேரில் கேட்டேன். வாசித்ததெல்லாம் நானூறு வருஷத்துப் பழைய இசை. முடிந்ததும் வாசித்தவரிடம் போய், வாத்தியமும் அந்தக் காலத்ததுதானா என்று கேட்டேன். செய்து சில வருஷம்தான் ஆகிறது என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வயலின்காரர்கள் ஸ்ட்ராடிவாரியஸ் என்ற பழைய இத்தாலிய வயலினுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக்கொடுக்கிறார்களே, லூட்காரர்கள் ஏன் பழையதைத் தேடுவதில்லை? வயதாக ஆக மரத்தின் நாதம் கூடும் என்பது உண்மையா? எங்கள் வீட்டில் பாட்டியின் தஞ்சாவூர் வீணை இருக்கிறது, எழுபது வயதாவது இருக்கும். அதற்காகவும்தான் கேட்கிறேன்.

வா., கோவை

அன்புள்ள வா.,

தேடியிருக்கிறார்கள், அதுவும் பைத்தியமாக. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும், அதற்கு நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியின் பொலோஞாவில் செய்த லூட்டுக்கு அப்படி ஒரு மவுசு. அதிலும் அங்கே பட்டறை வைத்திருந்த லௌக்ஸ் மாலர் செய்ததென்றால் கேட்கவே வேண்டாம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பாடகராக இருந்த தாமஸ் மேஸ் 1676இல் வெளியிட்ட நூலில் இதைச் சொல்கிறார். அடிபட்டு, விரிசல் விட்டு, பார்க்கவே பாவமாக இருந்த மாலர் லூட்டுகள் 100 பவுண்டு மதிப்புப் பெற்றன. அரசரே ஒன்றுக்கு அந்த விலை கொடுத்திருக்கிறார்.

சரி, அவ்வளவு கொடுத்து வாங்கியதில் பழசு எவ்வளவு? மாலர் காலத்து லூட்டில் ஆறு வரிசை நரம்பு (ஒரு வரிசை என்பது பெரும்பாலும் ஒரு ஜோடி). நூறு வருஷம் கழித்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் பதினொன்று தேவைப்பட்டது. எனவே கழுத்தை அறுத்து அகலமான புதுக் கழுத்து வைத்தார்கள். நரம்பை முறுக்கும் ஆணிகள் இருக்கும் பிருடைப் பெட்டியும், நரம்பைத் தாங்கும் கட்டையான குதிரையும் புதிது. மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சட்டங்கள் புதிது. பல சமயம் மேல்பலகையே புதிது. மிஞ்சியது பின்பக்கக் குடம். பூர்வீக வீடு என்று காட்டுவார்களே, போய்ப் பார்த்தால் உத்தரம், ஓடு, தரை எல்லாம் மாற்றி நாலு சுவர் மட்டும் தாத்தா கட்டியதாக இருக்கும், அந்தக் கதைதான்.

லூட்டின் உடம்பு அப்படி. மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். குதிரை அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஆறு வரிசை லூட்டில்கூட எல்லா நரம்பும் சேர்ந்து 30 கிலோவுக்கு மேல் இழுக்கும். இந்த இழுப்பு ராப்பகலாக நடப்பதால் குதிரைக்கு முன்னால் பலகை உள்வாங்கும், பின்னால் புடைக்கும். கழுத்து மெல்ல முன்னால் வளைந்து, விரல் அழுத்தும் இடத்தில் நரம்பு உயரும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை ஈரத்தில் இளகிவிடும். ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை மேல்பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று மேஸ் சர்வசாதாரணமாக எழுதுகிறார். ஈரம் படாமலிருக்க லூட்டைப் பகலில் படுக்கையில், கம்பளிக்கும் மேல்விரிப்புக்கும் நடுவே வைக்கச் சொன்னவரும் அவர்தான். யாரும் அதன் மேல் தொப்பென்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. அப்படி நல்ல லூட்டுகள் சில பாழாய்ப்போனதை அவர் பார்த்திருக்கிறார்.

வயலின் வேறு ஜாதி. குடைந்து செதுக்கிய வளைந்த பலகை, உள்ளே தாங்கும் குச்சி. நரம்புகளின் அழுத்தம் கீழ்நோக்கி இருக்கும், லூட்டைப் போலப் பலகையைப் பிய்த்து இழுக்காது. அதனால் 300 வருஷம் தாங்குகிறது, அதுவும் கழுத்து மாற்றப்பட்ட பிறகு.

மரத்துக்கு வயதானால் எதுவுமே நடக்காது என்று சொல்ல மாட்டேன். மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் காலப்போக்கில் சிதைகிறது. மரம் காற்றிலிருந்து முன்னளவு ஈரத்தை உறிஞ்சுவதில்லை, சற்று லேசாகிறது, அதிர்வும் உள்ளேயே மடங்காமல் கொஞ்சம் நீடிக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சம் காதுக்கு எட்டுகிறதா? லூட்டை விட்டு வயலினிடம்தான் கேட்க வேண்டும், நல்ல சோதனைகள் அங்கேதான் நடந்திருக்கின்றன. ஒலி ஆராய்ச்சியாளர் க்ளோடியா ஃப்ரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசப் கர்ட்டினும் மற்றவர்களும் சேர்ந்து, வாத்தியம் எது என்று தெரியாதபடி கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வாசிக்கவைத்தார்கள். 2012இல் வெளியான முதல் முடிவில் மொத்தத்தில் மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். 2014இல் வெளியானதில் பத்துப் பேரில் ஆறு பேர் கச்சேரிக்கு எடுத்துப்போக விரும்பியது புது வயலினை.

எனக்கு இதைவிட சுவாரசியம் மாலரின் பட்டறைக் கணக்கு. 1552இல் அவர் இறந்தபோது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட லூட்டுகள் இருந்தன. இன்று மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம். தலைமுறை தலைமுறையாகக் கழுத்தும் பலகையும் மாற்றிச் செலவழிக்க யாருக்கோ மனசு வந்த லூட்டுகள் அவை; சுமாரானவற்றுக்கு யார் அந்தச் செலவு செய்வார்கள்? ஆகவே பழையது நன்றாக ஒலித்தால் அதற்கான முதல் காரணம் இந்த வடிகட்டல் என்பதே என் கட்சி. இன்னொரு வகையும் தப்பிப் பிழைத்தது: தந்தமும் கருங்காலியும் இழைத்த அலங்கார லூட்டுகள். அழகுக்காகப் பூட்டிவைத்ததால் பிழைத்தவை, அவற்றின் நாதத்தைப் பற்றி அந்த அழகு ஒன்றும் சொல்லாது. நீங்கள் பார்த்த கலைஞர் கையிலிருந்தது அருங்காட்சியகப் பழசின் அளவெடுத்துச் செய்த புதியதாக இருக்கும். மாலர் தன் வாத்தியத்தைக் கொடுத்தபோது அதுவும் புதிதாகத்தானே இருந்தது?

இப்போது பாட்டியின் வீணை. அது பலாமரம், தண்டி (கழுத்து) தடிமன், லூட் அளவுக்கு நொந்துபோகாது. எழுபது வயது வீணை மந்தமாக ஒலித்தால் முதலில் மரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். மெட்டுகளை (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகளை) தாங்கும் மெழுகு இறுகி உதிர்ந்திருக்கும், குதிரைமேல் இருக்கும் தகட்டில் தந்தி பள்ளம் பறித்திருக்கும், தந்தி துருப்பிடித்திருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மேளம் கட்டி (மெட்டுகளைப் புது மெழுகில் சுருதியாகப் பதித்து), தகட்டைச் சீராக்கி, புதுத் தந்தி போடச் சொல்லுங்கள். குதிரைக்குக் கீழே குடத்தின் மேல்பலகை அமுங்கியிருக்கிறதா, தண்டி குடத்தோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையாக இருந்தால் அந்த ஒட்டே இருக்காது. அப்புறம் தாராளமாக வாசியுங்கள். ஏசி அறையில் மட்டும் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

அன்புடன்.