1971 ஜில்லெட் கோப்பை அரையிறுதியை இன்னமும் ஏன் பேசுகிறார்கள்?

இருட்டுதான் காரணம். இங்கிலாந்து கவுண்டி அணிகளின் நாக் அவுட் போட்டி அது, தோற்றால் வீட்டுக்கு. அப்போது ஒரு அணிக்கு 60 ஓவர், அதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள், ஃப்ளட்லைட் கிடையாது. ஓல்ட் டிராஃபோர்டில் குளோஸ்டர்ஷயர் 229 எடுத்தது, நடுவில் மழையில் ஒரு மணி நேரம் போச்சு, லங்காஷயர் துரத்தி 7 விக்கெட் இழந்தபோது மணி எட்டரையைத் தாண்டிவிட்டது, பக்கத்து ரயில் நிலையத்தில் விளக்கே போட்டுவிட்டார்கள். வெளிச்சம் பற்றிப் புகார் வந்தபோது அம்பயர் ஆர்தர் ஜெப்சன் நிலாவைக் காட்டி, அது தெரிகிறதே, இன்னும் எவ்வளவு தூரம் தெரியணும் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

5 ஓவரில் 25 வேண்டும். நிதானமாகவே ஆடியிருக்கலாம்! ஆனால் டேவிட் ஹியூஸ் ஆஃப் ஸ்பின்னர் ஜான் மார்ட்டிமோரின் ஒரே ஓவரில் 4, 6, 2, 2, 4, 6 என்று 24 விளாசினார். அடுத்த ஓவரில் கேப்டன் ஜாக் பாண்ட் ஒரு ரன் எடுத்து முடித்தார்.

அப்புறம் லார்ட்ஸ் இறுதியில் கென்ட்டை 24 ரன்னில் வென்றார்கள். 89 அடித்து மிரட்டிய ஆசிஃப் இக்பாலை பாண்ட் பாய்ந்து பிடித்த கேட்ச்தான் அங்கே திருப்பம், அதற்குப் பிறகு கென்ட் மளமளவெனச் சரிந்தது.