வாட்டர்கலர் ஒரிஜினலை பிரிண்ட் போட்டா ஏன் கலர் செத்துப்போகுது?

வீட்ல வரைஞ்ச படத்த போன்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டேன், டல்லா வருது, என்ன தப்புன்னு கேட்டிருக்கீங்க. பிரிண்டர் மேல பழி போடாதீங்க, முக்கால்வாசி தப்பு படம் எடுக்கிறப்பவே நடந்துடும்.

சின்ன வாட்டர்கலர்னா ஸ்கேனர் போதும், ஆனா பேப்பர் மேடு பள்ளத்தோட நிழல் விழும், ரொம்ப வெளிர் வாஷ் (நிறைய தண்ணி கலந்து பூசின மெல்லிய கலர்) எல்லாம் வெள்ளையா போயிடும். ஆயில், அக்ரிலிக்னா கேமராதான், ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒரே மாதிரி லைட், சென்சாரும் படமும் நேருக்கு நேர், ரா ஃபைல்ல (கேமரா தானா கலர மாத்தாம சேமிக்கிற ஃபைல்) எடுங்க, முதல் ஷாட்ல பக்கத்துல ஒரு கலர் கார்டு (சரியான கலர் கட்டங்கள் அச்சடிச்ச அட்டை) வச்சுக்கோங்க, அப்புறம் அத வச்சுத்தான் கலர சரி பண்ண முடியும். வார்னிஷ் பளபளப்பு அடிச்சா லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (பளபளப்ப வெட்டுற ஃபில்டர்) போடணும்.

அளவுக்கு கணக்கு சிம்பிள்: 12க்கு 16 இஞ்ச் பிரிண்ட், 300 டிபிஐனா (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 4800 பிக்சல் வேணும், அதாவது சுமார் 17 மெகாபிக்சல்.

ஸ்க்ரீன் வெளிச்சத்த குறைக்காம, கேலிப்ரேட் பண்ணாம (அதாவது ஸ்க்ரீன் கலர சரியா காட்டுற மாதிரி செட் பண்ணாம) எடிட் பண்ணீங்கன்னா பிரிண்ட் இருட்டாத்தான் வரும், நானே ஒரு கருநீல வானத்த அப்படித்தான் கரி பூசின மாதிரி ஆக்கினேன். பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் கலந்த மை), ஆசிட் இல்லாத காட்டன் பேப்பர், அந்த பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அதுல கலர் எப்படி விழும்னு பிரிண்டருக்கு சொல்ற ஃபைல்), இந்த மூணும் சேர்ந்ததத்தான் ஜிக்ளேன்னு பெரிய பேர் வச்சு விக்கிறாங்க. ஃபுல் சைஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்டு மட்டும் டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, காயவிட்டு, பகல் வெளிச்சத்துல ஒரிஜினல் பக்கத்துல வச்சுப் பாருங்க. பளீர் ஃப்ளோரசென்ட் பிங்க் மட்டும் எவ்ளோ முயற்சி பண்ணாலும் அப்படியே வராது.