ஒரே முகம், இருபது தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கும் ஒரு குறுநாவலை எழுதிவருகிறேன். 1880, டெர்பிஷயரில் ஒரு பண்ணை. பண்ணைக்காரரின் மகன் தாமஸ், வயது பத்தொன்பது. எதற்கும் சட்டென்று கலங்கிவிடுபவன், நன்றாக வரைபவன், தன்பாலீர்ப்பு கொண்டவன். இரவில் தன் அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கத்துப் பண்ணை ஜாக்கை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறான். அப்பா பார்த்துவிடுகிறார். "நான் கே" என்று தாமஸ் சொல்கிறான். தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று வீடே நடுங்குகிறது. கடைசியில் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறாள். படித்த நண்பர் ஒருவர், "இன்றைய அடுக்ககத்தில் நடக்கும் கதைக்குப் பழைய உடுப்பு மாட்டிவிட்டாய்" என்றார். எங்கே தவறுகிறேன்? மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அத்தியாயங்களைப் படித்தேன். தாமஸின் மனம் உங்களுக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. அவனுடைய நாள் பிடிபடவில்லை. எத்தனை மணிக்கு எழுகிறான், யாருக்கு வேலை செய்கிறான், கூலி எப்போது கைக்கு வருகிறது, யாரோடு படுக்கிறான் என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஏற்றுக்கொள்ளப்படுவது என்றால் அந்த ஊரில் என்னவென்று தெரியும்.

முதலில் அந்த "கே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 1880-ல் அது உல்லாசத்தையும் ஒழுக்கத் தளர்வையும் குறித்த சொல். பெண்ணைப் பற்றிச் சொன்னால் பாலியல் தொழில் செய்பவள் என்று பொருள்பட்டது. "ஹோமோசெக்ஸுவல்" என்பது 1869-ல் ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி ஜெர்மன் மொழியில் உருவாக்கிய சொல். ஆங்கிலத்துக்கு அது 1890களில்தான் மருத்துவ நூல்கள் வழியே வந்தது. பண்ணை வீட்டில் புழங்கியவை சில வசவுகள், பிரசங்கத்தில் வரும் சோதோம் நகரம், செய்தித்தாளில் வரும் "இயற்கைக்கு மாறான குற்றம்" என்ற தொடர், அவ்வளவுதான். எல்லாமே ஒரு செயலைச் சுட்டுபவை. தாமஸின் நெஞ்சில் இருப்பதற்கு அங்கே யாரிடமும் பெயர் இல்லை, அவனிடமும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் ஜாக். "ஜாக் சந்தைக்குப் போன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை" என்று அவன் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு மொழி கிடையாது. இந்தப் பெயரின்மையை ஒரு குறையாக நினைத்து நிரப்பப் பார்க்காதீர்கள். உங்கள் நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, சட்டம். கதை நடக்கும் ஆண்டை நீங்கள் மாற்றியே ஆகவேண்டும். இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைகள். 1835 நவம்பர் 27, நியூகேட் சிறை. விக்டோரியா அரசியாவதற்கு ஏறக்குறைய இரண்டாண்டு முன்பு. அதன் பிறகும் மரண தண்டனை விதித்துவந்தார்கள், ஆனால் நிறைவேற்றவில்லை. 1861-ன் சட்டம் அதை எடுத்துவிட்டு, குறைந்தது பத்தாண்டு முதல் ஆயுள் வரை கடுஞ்சிறை என்று வைத்தது. ஆகவே 1880-ல் தூக்கை நினைத்து நடுங்கக்கூடியவர் தாமஸின் பாட்டிதான், அதுவும் சின்ன வயதில் காதில் விழுந்ததை வைத்து. அந்தப் பயத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள், பொருத்தமாக இருக்கும்.

பெரிய மாற்றம் 1885-ல் வந்தது. பெண் குழந்தைகளின் சம்மத வயதை 13-லிருந்து 16-க்கு உயர்த்தக் கொண்டுவந்த மசோதா அது. நார்தாம்ப்டனின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி லபூஷேர் ஆகஸ்ட் தொடக்கத்தில், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், அதில் ஒரு பிரிவைச் செருகினார். ஆண்களுக்கிடையே "பெரும் அநாகரிகம்" எதுவானாலும், பொது இடமோ தனியிடமோ, இரண்டாண்டு வரை சிறை, தேவைப்பட்டால் கடும் உழைப்போடு. அந்த அநாகரிகம் என்னவென்று சட்டம் விளக்கவில்லை. முந்தைய சட்டத்தில் குறிப்பிட்ட செயலை நிரூபித்தாகவேண்டும், அது கடினம். புதிய பிரிவுக்குச் சாட்சி என்று ஒருவர் வந்து நின்றாலே போதும் என்ற நிலை வந்தது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் உரிமைப் பத்திரம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பத்தாண்டு கழித்து ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பியது இந்தப் பிரிவுதான். 1938-ல் சிங்கப்பூருக்குப் போய் அங்கே தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு ஆனதும் இதன் வாசகமே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வேறு கிளை. அது 1862-லேயே நடைமுறைக்கு வந்த பழைய சட்டத்தின் பிள்ளை.

கதையை 1884 நவம்பரில் தொடங்கி 1885 நவம்பரில் முடியுங்கள். நடுவில் ஆகஸ்ட் வரும். லண்டனில் அந்தப் பிரிவு நிறைவேறுகிறது, இங்கே அறுவடை. பண்ணையில் ஒருவருக்கும் தெரியாது. தாமஸுக்கும் ஜாக்குக்கும் எதிராகச் சட்டம் மாறிவிட்டதை வாசகர் மட்டும் அறிவார்.

ஏன் நவம்பர் என்று கேட்பீர்கள். தாமஸை அப்பாவின் பண்ணையில் வைக்காதீர்கள், ஜாக்கோடு வேறொரு பண்ணையில் ஆண்டாளாக, அதாவது ஓராண்டு ஒப்பந்த ஆளாகச் சேருங்கள். சிறு பண்ணைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை இப்படி அனுப்புவது வழக்கம்தான். வட மாவட்டங்களில் ஆண்டுக் கணக்கு நவம்பரில், மார்ட்டின்மஸ் என்ற புனித மார்ட்டின் திருநாளை ஒட்டிப் புரளும். ஆள் பிடிக்கும் சந்தையில் இளைஞர்கள் வரிசையாக நிற்பார்கள். வண்டிக்காரன் தொப்பியில் சாட்டைக் கயிற்றுத் துண்டு, மேய்ப்பன் தொப்பியில் ஒரு கொத்து ஆட்டு மயிர். பேரம் படிந்ததும் முதலாளி கையில் வைப்பது "ஃபாஸ்டனிங் பென்னி". பெயர்தான் பென்னி, பெரும்பாலும் ஒரு ஷில்லிங்காவது இருக்கும். அதை வாங்கிவிட்டால் ஓராண்டுக்குக் கட்டுண்டவன். சாப்பாடும் படுக்கையும் பண்ணையில், கூலியின் பெரும்பகுதி ஆண்டு முடிவில். இடையில் ஓடினால் அது போய்விடும். 1875 வரை ஓடியவனைச் சிறைக்கு அனுப்பக்கூடச் சட்டம் இடம் கொடுத்தது. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் தாமஸ் கோபித்துக்கொண்டு மார்ச் மாதத்தில் லண்டனுக்கு ரயில் ஏறுகிறானே, நான்கு மாத உழைப்பை விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். அந்த எடை அந்தக் காட்சியில் இல்லை.

"தன் அறை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டாளுக்குத் தனி அறை ஏது? மாடியில் பையன்கள் எல்லோருக்கும் ஒரே அறை, பெரும்பாலும் ஒரு கட்டிலுக்கு இருவர். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். குளிர் அப்படி, கட்டில் பஞ்சம் அப்படி. இன்றைய வாசகர் பதறும் இடத்தில் அந்த வீடு அயர்ந்து தூங்குகிறது. ஆறு பேர் மூச்சுவிடும் அறையில் ஜாக் ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கிறான், தாமஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். நீங்கள் மூன்று பக்கம் எழுதிய ஏக்கம் இந்த ஒரு வரியில் வந்துவிடும்.

அவன் பகலும் தெரியவேண்டும். ஐந்து மணிக்கு முன்பே குதிரைக்குத் தீனி. இரண்டு குதிரை பூட்டிய ஏரில் நாளொன்றுக்கு ஒரு ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. ஒன்பது அங்குல சாலில் ஒரு ஏக்கர் உழ ஏறக்குறைய பதினொரு மைல் நடக்கவேண்டும். அதன் பிறகு அந்தக் கை நுண்ணிய தூரிகையைப் பிடிக்காது. விரல் காய்த்துப்போய், மடக்கினால் நீளாமல் இருக்கும். எண்ணெய் வண்ணம் அவன் கைக்காசுக்கு எட்டாது. காயவும் நாள்கணக்கில் ஆகும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அவன் வரைவது கரித்துண்டில், தோளிலிருந்து இழுக்கும் பெரிய கோடுகளில், ஞாயிறு பிற்பகலில்.

கரித்துண்டை அவனே செய்துகொள்வான். பென்சில் பருமனுள்ள வில்லோ குச்சிகளைப் பட்டை உரித்து நன்றாகக் காயவைக்கவேண்டும். ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளியை மணலால் நிரப்பி, மூடியில் ஓர் ஆணித் துளை போட்டு, அடுப்புத் தணலில் புதைக்கவேண்டும். துளையிலிருந்து புகை வருவது நின்றால் வெந்துவிட்டது. முழுக்க ஆறும்வரை திறக்கக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்துச் சாம்பல்தான் மிஞ்சும். முதல் தடவை அவன் அப்படித்தான் கெடுத்துக்கொள்ளட்டும்.

சிவப்புக்கு ஆட்டைக் குறியிடும் செங்காவிக்கட்டி இருக்கிறது. எண்ணெயில் குழைத்தது உதவாது, தாளில் சுற்றிலும் எண்ணெய் வட்டம் படரும். உலர்ந்த கட்டியாக எடுத்தால் தோல் நிறத்துக்கு அதைவிட நல்லது கிடைக்காது. தாள், மளிகைக் கடையில் சர்க்கரை சுற்றித்தரும் நீலத்தாள். கரி கைபட்டால் கலைந்துவிடும். அதற்குப் பால். ஆடை எடுத்த பாலை மெல்லிய குழலால் தூரத்திலிருந்து துளித்துளியாக ஊதவேண்டும். கொழுப்பிருந்தால் கறை விழும், அருகில் நின்று ஊதினால் திட்டுத்திட்டாகிவிடும். பால் அறைக்குள் ஆண்டாள் போனால் கேள்வி வரும் என்பதையும் கதையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பண்ணையை ஷெஃபீல்டுக்குத் தென்மேற்கே டாட்லி பக்கம் வைத்தால் இன்னொன்றும் கிடைக்கும். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1875-ல் ஷெஃபீல்டின் வாக்லி மேட்டில், ஒரு சிறிய வீட்டில், உழைப்பாளிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். இத்தாலிய ஓவியர் வெரோக்கியோவின் மாதா ஓவியம் அங்கே இருந்தது. போக ஏழு மைல் அளவு, வர ஏழு. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் ஒருவன் ஒரு கன்னத்தின் வளைவை எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறான் என்பதைத் தாமஸ் அங்கே காணட்டும். தன்னைப் போல ஒருவன் இருந்திருக்கிறான் என்ற எண்ணம் அவனுக்கு அப்படித்தான் வரமுடியும்.

அதே வட்டாரத்தில், மில்தார்ப்பில், 1883-ல் ஏழு ஏக்கர் வாங்கிக் காய்கறித் தோட்டம் போட்டவர் எட்வர்ட் கார்பென்டர். கேம்பிரிட்ஜ் வேலையையும் பாதிரிப் பட்டத்தையும் விட்டு வந்தவர், தன்பாலீர்ப்பை வெளிப்படையாக ஆதரித்து எழுதிய முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர். நமக்கு நெருக்கமான ஒரு செய்தி: அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம். அவர் வழியாகத்தான் 1890-ல் இலங்கைக்குப் போய் ராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். ஷெஃபீல்டின் ஏழைத் தெருவில் பிறந்த ஜார்ஜ் மெரில் 1898-ல் அவரோடு வந்து தங்கி, 1928-ல் இறக்கும்வரை கூடவே வாழ்ந்தார். ஊருக்கு மெரில் வீட்டு வேலையாள். அந்தப் பெயரின் நிழலில் முப்பதாண்டு இல்லறம் நடந்தது. கார்பென்டருக்குச் சொத்தும் படிப்பும் இருந்தன, தாமஸுக்கு இல்லை என்பதை மறக்கவேண்டாம். 1873-ல் ஓவியர் சிமியோன் சாலமனும் ஒரு லாயத் தொழிலாளியும் சேர்ந்து பிடிபட்டார்கள். ஓவியருக்குச் செல்வாக்குள்ள உறவினர் இருந்தார், சிறையிலிருந்து தப்பினார். தொழிலாளி சிறைக்குப் போனார்.

திருமண நெருக்கடியை நீங்கள் பிரசங்கமாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது வேலைக் கணக்கு. பண்ணைக்குப் பெண் இல்லாவிட்டால் வெண்ணெய் கடைய ஆளில்லை, கோழிக்கு ஆளில்லை, பையன்களுக்குச் சமைக்க ஆளில்லை. மணமாகாத அண்ணனும் மணமாகாத தங்கையும் சேர்ந்து நடத்திய பண்ணைகளை ஊர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது, வேலை நடந்தது என்பதால். தாமஸுக்கு ஒரு தங்கையைக் கொடுங்கள்.

இனி அந்தப் படங்கள் அகப்படும் இடம். ஓவியம் வரைவது குற்றமில்லை. ஒரு தாளைப் பார்த்தவர் "ஜாக்கை அச்சாகப் போட்டிருக்கிறானே" என்று மெச்சுவார். இருபது தாளில் அதே முகம் இருந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த மௌனம்தான் அவனுக்கு ஆபத்து. முதலாளி கத்தமாட்டார், காவலரை அழைக்கமாட்டார். நவம்பர் நெருங்கும்போது மற்றப் பையன்களிடம் "இன்னொரு வருஷம் இருக்கிறாயா?" என்று கேட்பார், இவனிடம் கேட்கமாட்டார். நன்னடத்தைக்கு அவர் வாய்ச்சொல் இல்லாமல் அடுத்த சந்தையில் நல்ல இடம் கிடைக்காது. ஏற்றுக்கொள்ளப்படுவதும் இதே அளவில்தான் நடக்கும். படங்களைப் பார்த்தவர் ஒரு நாள் காலை லாய வாசலில் நின்று அதே கேள்வியை அவனிடமும் கேட்கிறார்.

அம்மா அவனைக் கட்டிக்கொள்ளவேண்டாம். மார்ட்டின்மஸ் வாரம் பையன்களுக்கு விடுமுறை. மரப்பெட்டியோடு வீட்டுக்கு வருவார்கள், ஓராண்டு அழுக்கையும் கிழிசலையும் அம்மா பார்ப்பாள். தாமஸின் அம்மா சட்டைகளை எடுக்கும்போது அடியில் அந்தத் தாள்கள் இருக்கின்றன. பாலூதிக் காயவைக்க நேரமில்லாமல் போனதால் கரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டத் தொடங்கியிருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பிறகு சமையலறையிலிருந்து பழைய சர்க்கரைத் தாள்களைக் கொண்டுவந்து, முகம் கலையாதபடி இடையிடையே ஒன்று வைத்து, பழையபடி அடியில் அடுக்கி, துவைத்த சட்டைகளை மேலே வைத்துப் பெட்டியை மூடுகிறாள்.

அன்புடன்