ரத்தத் தூளில் 85 சதவீதம் புரதம். குஞ்சு ஏன் வளரவில்லை?

கேள்வி: மாட்டு ரத்தத் தூளில் 85 சதவீதம் புரதம் என்றார்கள். 100 கிலோ குஞ்சுத் தீவனத்தில் 8 கிலோ கலந்து, அந்தப் புரதத்துக்கு ஈடாகச் சோயா பிண்ணாக்கைக் குறைத்தேன். குஞ்சுகள் சரியாகத் தின்னவில்லை, எடையும் ஏறவில்லை. தூள் கலப்படமா?
- பிராய்லர் வளர்ப்பவர், நாமக்கல்

பதில்: தூளைச் சந்தேகிக்கும் முன் அளவைப் பாருங்கள். ரத்தப் புரதத்தில் பெரும்பங்கு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அதில் லைசின் தாராளம். ஐசோலூசினோ மிகச் சொற்பம். 2 கிலோ தூளுக்கு ஈடான புரதம் சுமார் 3.7 கிலோ சோயா பிண்ணாக்கில் இருக்கிறது. இந்த மாற்றத்தில் உள்ளே வரும் ஐசோலூசின் ஏறக்குறைய 20 கிராம், வெளியே போவது 78 கிராம். நீங்கள் போட்ட 8 கிலோவுக்குத் துண்டு விழுவது 230 கிராம். முதல் மூன்று வாரக் குஞ்சுக்கு 100 கிலோ தீவனத்தில் மொத்தத் தேவையே 800 கிராம்தான்.

இதோடு முடியவில்லை. ரத்தத் தூளில் லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் 11, 12 சதவீதம். லூசின் மிஞ்சினால், இருக்கிற கொஞ்ச ஐசோலூசினையும் உடல் வேகமாகச் சிதைத்துவிடும். தீனி எடுப்பதும் குறையும். மக்காச்சோளத்திலும் லூசின்தான் தூக்கல், ஆகவே சோளம் அதைச் சரிக்கட்டாது.

2 கிலோவோடு நிறுத்துங்கள், 3 கிலோவைத் தாண்ட வேண்டாம். சோயாவை அதற்குத் தக்கபடி மட்டும் குறையுங்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் இதில் குறைவு என்பதால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தூளையும் கையில் எடுத்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக இருந்தால் சரி. கன்னங்கரேலென்று தீய்ந்த வாடை வந்தால் சூடு மிஞ்சிக் காய்ச்சியது. ஆய்வகச் சீட்டில் புரதம் அதே 85தான் வரும். ஆனால் புரதம், குறிப்பாக லைசின், சரியாகச் செரிக்காது. சீட்டை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைத் தனியே பிரித்தால் இந்தக் குறை தீருமா?

பதில்: பெருமளவு தீரும். பிளாஸ்மாத் தூளில் ஐசோலூசின் சுமார் மூன்று மடங்கு. மெத்தியோனின் அதிலும் குறைவுதான். ஆனால் 100 லிட்டர் ரத்தத்தில் 60 லிட்டர் பிளாஸ்மா கிடைத்தாலும் அதில் புரதம் 4 கிலோ சொச்சம்தான். மீதி 13 கிலோவும் சிவப்பணுக்களோடு போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க, அதைப் பிடிக்கும் பாத்திரத்திலேயே, 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு வீதம் 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசலை முதலில் ஊற்றி வைக்க வேண்டும். உறைந்தபின் ஊற்றிப் பயனில்லை. கழுவிய வாளியில் தண்ணீர் தங்கியிருந்தாலோ, வேகமாகக் கலக்கினாலோ அணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்துவிடும். அப்புறம் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கி எவ்வளவு சுற்றினாலும் அந்தச் சிவப்பு பிரியாது.