வெப்பம் தாங்கும் மரபணு ஒன்றைச் சேர்த்தால் கோதுமை சிங்கப்பூரில் விளையுமா?

ஒன்று போதாது. சாதாரண வெப்பநிலையில் ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், மரபணுக்களை முடுக்கும் ஹெச்எஸ்எஃப்ஏ1 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூட்டில் மற்ற புரதங்கள் உருக்குலைந்ததும், இந்த ஹெச்எஸ்பி புரதங்கள் அவற்றைக் காப்பாற்றப் போய்விடும். விடுபட்ட ஹெச்எஸ்எஃப்ஏ1 மும்மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏ-வில் ஒட்டி, ஹெச்எஸ்பி மரபணுக்களையும் ஹெச்எஸ்எஃப்ஏ2 என்ற இன்னொரு முடுக்கியின் மரபணுவையும் முடுக்கிவிடும்.

இதை எந்நேரமும் ஓடவிட்டால் செடி குட்டையாகி விளைச்சல் குறையலாம். அதனால் சேர்க்கும் மரபணுவை, சூடு பட்டால் மட்டும் இயங்கும் தூண்டுபகுதியோடு (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) இணைப்பதே நல்லது. ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என மூன்று மரபணுத் தொகுதிகள். சேர்ப்பதற்குப் பதில் ஒரு மரபணுவை முழுதாக முடக்குவதென்றால், தொகுதிக்கு இரண்டாக உள்ள ஆறு பிரதிகளையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மிச்சமுள்ளவை ஈடுகட்டிவிடும்.

இலை தாங்கினாலும் கதிர் தாங்காது, சிக்கலே அங்கேதான். பூக்கும் சமயத்தில் 30 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகத் தொடங்கும். மணி பால் பிடிக்கையில் மாவுச்சத்து உண்டாக்கும் நொதி முடங்கி, மணி சுருங்கும். நம் ஊரில் இரவிலும் 25 டிகிரிக்கு மேல்தான் பெரும்பாலும். பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி சுவாசத்திலேயே கரைத்துவிடும்.

புளோக்குக்குக் கீழே உள்ள தோட்டத்தில் ஆசைக்கு வளர்ப்பதென்றால் வசந்தகால ரகம் எடுங்கள். குளிர்கால ரகத்தில் பூக்கத் தூண்டும் விஆர்என்1 மரபணு விழிக்க வாரக்கணக்கில் குளிர் வேண்டும். இங்கே கதிரே வராமல் புல்லாகவே நிற்கும்.