எட்டு நாடுகள் ஒன்றுகூடினால்...

கேள்வி: யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டில் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மானிய நாட்டை ஆடுகிறேன். ஒரே சமாதான ஒப்பந்தத்தில் மூன்று மாகாணங்களை வாங்கினேன். எட்டு நாடுகள் எதிர்க்கூட்டணி கட்டிவிட்டன. ஸ்டேட்ஸ்மேன் ஆலோசகரை வைத்திருந்தும் பயனில்லையே? – சேலம் வாசகர்

பதில்: ஆளை மாற்றி எடுத்துவிட்டீர்கள். ஸ்டேட்ஸ்மேன் தருவது டிப்ளமேட்டிக் ரெப்யூடேஷன், அதாவது ராஜதந்திர நற்பெயர், +1. நட்பு நாடு பிடிக்கவும், சிற்றரசை இணைக்கவும் அது உதவும். உங்களைத் துரத்துவது அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன், சுருக்கமாக ஏஇ: நிலம் பிடிப்பதால் மற்ற நாடுகளுக்கு உங்கள் மீது சேரும் கோபம். அது உங்களிடம் இருக்கும் ஒற்றை எண் அல்ல. ஒவ்வொரு நாடும் உங்கள் பெயரில் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. பக்கத்து நாட்டுக்கும், அதே மதம், அதே பண்பாட்டுக் குழு உள்ள நாட்டுக்கும் கோபம் அதிகம். புனித ரோமப் பேரரசுக்குள் நிலம் பிடித்தால் உறுப்பு நாடுகளின் கோபம் இன்னும் ஏறும். பிராண்டன்பர்க் உட்கார்ந்திருப்பதே அந்தக் குளவிக்கூட்டில்தான்.

ஒரு நாடு எதிர்க்கூட்டணியில் சேர இரண்டும் வேண்டும்: ஏஇ 50-ஐத் தொட வேண்டும், உங்கள் மீதான அபிப்பிராயம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றை உடைத்தால் போதும். ஏஇ ஆண்டுக்கு 2 வீதம் கரையும். 70-இல் நிற்கும் நாடு 50-க்கு இறங்க 10 ஆண்டு. டிப்ளமேட் என்ற ஆலோசகர் இந்த வேகத்தை 20% கூட்டுவார். அதே இறக்கம் எட்டரை ஆண்டுக்குள் முடியும். நீங்கள் எடுத்திருக்க வேண்டியது இவரைத்தான். அதுவரை, விளிம்பில் நிற்கும் பெரிய நாடுகளுக்குத் தூதரை அனுப்பி உறவைச் சீராக்கச் சொல்லுங்கள். குட்டி நாடுகளுக்காகத் தூதரை வீணாக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சமாதானத் திரையில் ஏஇ எண்ணின் மேல் மவுஸை வைத்தால் யாருக்கு எவ்வளவு கூடும் என்று காட்டும். மூன்றாவது மாகாணத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். பல சமயம் அந்த ஒன்றுதான் 48-ஐ 55 ஆக்கியிருக்கும்.

கேள்வி: ஓட்டோமானாக ஆடும்போது கோபம் சேராமல் வேகமாகப் பரவ வழி உண்டா? – கோவை வாசகர்

பதில்: திசையை மாற்றி மாற்றி அடியுங்கள். பால்கனில் கிறிஸ்தவ நிலத்தை எடுத்தால் சுன்னி நாடுகள் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. அந்தக் கோபம் ஆறும்வரை எகிப்து, சிரியாவை ஆளும் மாம்லூக் பக்கம் திரும்பலாம். அங்கே சிரியாவின் கோர் (உரிமை நிலம்) உள்ள மாகாணம் ஒன்றை எடுத்து, சிரியாவைச் சிற்றரசாக விடுவியுங்கள். அடுத்த போரை ரீகான்குவெஸ்ட் (இழந்த கோரை மீட்பது) காரணத்தில் தொடங்கி, மிச்சக் கோர்களை அதற்கே வாங்கிக் கொடுங்கள். ஏஇ வழக்கத்தில் கால்பங்குதான். நிலம் எப்படியும் உங்கள் நிழலில்தான் இருக்கும், பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: போர்நிறுத்தம் முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மீறினால் என்ன? – திருச்சி வாசகர்

பதில்: நாட்டின் உள் நிலைத்தன்மையைக் காட்டும் ஸ்டபிலிட்டி 5 போகும். மொத்த அளவே +3 முதல் −3 வரைதான்! போரில் எவ்வளவு ஜெயித்தீர்கள் என்று காட்டும் போர் மதிப்பெண் 100-க்குச் சமாதானம் செய்தால் போர்நிறுத்தம் 15 ஆண்டு நீளும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். போர்நிறுத்தத்தில் இருக்கும் நாடு உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேர முடியாது. அந்த 15 ஆண்டில் 30 ஏஇ கரைந்தும் விடும்.