வைஸ்மன்ஸ் ஃபெரி: நடுக்காட்டில் ஓர் ஆற்றங்கரை ஊர் எப்படி வந்தது?

சிட்னிக்கு வடக்கே, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில், சுற்றிலும் காடாகக் கிடக்கும் இடத்தில் இந்த ஊர் ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

ஆஸ்திரேலியப் பழங்குடிகளான தருக் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த கரை அது. திருட்டுக் குற்றத்துக்காக லண்டனிலிருந்து நாடுகடத்தப்பட்டு 1806இல் வந்த படகுக்காரர் சாலமன் வைஸ்மன், பின்னர் இங்கே நிலம் பெற்று, 1827இல் படகுத்துறை தொடங்கினார். அப்போதுதான் சிட்னியிலிருந்து வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்குக்குப் பெருவடக்குச் சாலை (Great North Road) போடப்பட்டுக்கொண்டிருந்தது. போட்டவர்கள் கைதிகள், பலர் காலில் விலங்கோடு. அக்கரையில் டிவைன்ஸ் ஹில் ஏற்றத்தில் நடந்தால், அவர்கள் அடுக்கிய தாங்குசுவர்க் கற்களில் உளித் தழும்புகள் இன்னும் தெரியும். அங்கே ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள்.

இத்தனை பாடுபட்டும், சாலை வேலை முடிவதற்குள், 1831இல் சிட்னியிலிருந்து நீராவிக் கப்பல் ஹன்டருக்கு ஓடத் தொடங்கிவிட்டது; சாலைவழியே போவோர் குறைந்தனர். ஊர் பெரிதாக வளராததற்கு என் கணக்கில் அதுவே முதல் காரணம். செங்குத்தான மணற்பாறைக் குன்றுகளில் உழவுக்கும் வழியில்லை. பழைய சாலையின் ஒரு பகுதி 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. துறையில் இன்றும் பாலம் கிடையாது. கம்பிவடத்தைப் பிடித்து நகரும் ஃபெரியில் காரோடு ஏறி, கட்டணமில்லாமல் அக்கரை சேரலாம்.